வேலையை விட்டபின் ஈசாப் கெடு: எடுக்க வேண்டிய ஆவணங்கள், கட்ட வேண்டிய தொகை, தவறவிடக் கூடாத நாட்கள்

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி, பீளமேடு ஆகிய பகுதிகளில் மென்பொருள் வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சில நிறுவனங்கள் சம்பளத்தோடு ஈசாப் எனப்படும் பங்கு ஆப்ஷன்களையும் தருகின்றன. சேரும் நாளில் அதைப் பற்றி ஆர்வமாகப் பேசும் எச்.ஆர். துறை, விலகும் நாளில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. நான் ஒரு நிறுவனத்திலிருந்து விலகியபோது, என் ஆப்ஷன்களின் கெடு எந்த நாளில் முடிகிறது என்ற எளிய கேள்விக்கு அங்கே ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். திட்ட ஆவணத்தைக் கேட்டுப் பெறுவதற்குள்ளேயே கெடுவில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. ஈரோட்டிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ முதல் தலைமுறையாக இந்தத் துறைக்கு வந்து, இதையெல்லாம் விசாரிக்க வீட்டில் ஆள் இல்லாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆப்ஷன் என்பது பங்கு அன்று. குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டுமே அது. அந்த உரிமை கைக்கு வருவதை வெஸ்டிங் என்றும், பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்வதை எக்சர்சைஸ் என்றும் சொல்கிறார்கள். வெஸ்ட் ஆகிவிட்டது என்பதாலேயே பங்கு உங்களுடையதாகிவிடாது. கெடுவுக்குள் எக்சர்சைஸ் செய்யாவிட்டால், பல ஆண்டு உழைத்துச் சேர்த்த ஆப்ஷன்களும் ஒரே நாளில் காலாவதியாகி நிறுவனத்தின் கணக்குக்கே திரும்பிவிடும்.

1. ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள்

ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பிய பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தாளும் தாமதமாகத்தான் வரும். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சலே முடக்கப்பட்டுவிடும். எனவே கீழ்க்கண்டவற்றை முன்கூட்டியே உங்கள் சொந்தக் கணினியிலோ அச்சுப் பிரதியாகவோ வைத்துக்கொள்ள வேண்டும்.

- ஒவ்வொரு ஆண்டும் கொடுத்த கிராண்ட் லெட்டர்கள் (ஆப்ஷன் வழங்கும் கடிதங்கள்) அனைத்தும். எண்ணிக்கை, எக்சர்சைஸ் விலை, வெஸ்டிங் அட்டவணை ஆகியவை இதில்தான் இருக்கும்.
- ஈசாப் திட்ட ஆவணம், முழுமையாக. கிராண்ட் லெட்டர் இரண்டு பக்கம் இருக்கும். விலகுகிறவருக்கான விதிகளோ திட்ட ஆவணத்தின் நடுவில் எங்கேயோ இருக்கும்.
- திட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள்.
- நீங்கள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டதற்கான சான்று. கிராண்ட் லெட்டரை ஏற்றுக்கொள்ளாமலே விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஈசாப் கணக்கை ஒரு தனி இணையதளத்தின் வழியாக நிறுவனம் நிர்வகிக்கிறது என்றால், அந்தக் கணக்கின் மின்னஞ்சலைச் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். கெடு நெருங்குகிறது என்ற நினைவூட்டல்கள் முடக்கப்பட்ட அலுவலக முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

2. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத இந்திய நிறுவனங்களுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும், 2014ஆம் ஆண்டின் பங்கு மூலதன விதிகளில் 12ஆம் விதியும் பொருந்தும். ஊழியர் விலகினாலோ விலக்கப்பட்டாலோ, அன்றைக்கு வெஸ்ட் ஆகாமல் இருக்கும் ஆப்ஷன்கள் உடனே காலாவதியாகும் என்று அந்த விதி சொல்கிறது. வெஸ்ட் ஆனவற்றைத் திட்டத்தில் குறித்த காலத்துக்குள் எக்சர்சைஸ் செய்யலாம் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தக் காலம் எத்தனை நாள் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. அதை நிறுவனத்தின் திட்டமே தீர்மானிக்கிறது. அதனால்தான் நண்பருக்கு ஓராண்டு கிடைத்தது என்பதை வைத்து உங்களுக்கும் ஓராண்டு என்று கணக்குப் போடக் கூடாது. 30 நாள், 90 நாள், கடைசி வேலை நாளுக்குள் என்று பலவகைத் திட்டங்கள் உள்ளன. சில நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கிலும் அவகாசம் தருகின்றன.

திட்ட ஆவணத்தில் நான்கு இடங்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

முதலாவது, நாள் எண்ணத் தொடங்கும் புள்ளி. ராஜினாமா கொடுத்த நாளா, கடைசி வேலை நாளா, ரிலீவிங் லெட்டரில் உள்ள நாளா என்பதில் இரண்டு, மூன்று மாத வேறுபாடு வரலாம். நோட்டீஸ் காலம் 90 நாளாகவும் எக்சர்சைஸ் கெடு ராஜினாமா நாளிலிருந்து 90 நாளாகவும் இருந்தால், நீங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போதே கெடு முடிந்திருக்கும்.

இரண்டாவது, நோட்டீஸ் காலத்தில் வெஸ்டிங் தொடருமா என்பது. அடுத்த வெஸ்டிங் நாள் ஆறு வாரத்தில் வருகிறது என்றால், ராஜினாமாவைத் தள்ளிப்போடுவது உங்களுக்கு ஓராண்டுப் பங்கைக் காப்பாற்றித் தரும். ஆப்ஷன் கொடுத்த நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சேர்ந்து ஓராண்டு முடியும் முன் விலகுகிறவருக்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, நாளா மாதமா என்பது. கடைசி வேலை நாள் ஜூன் 12 என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் என்றால் செப்டம்பர் 10இல் முடியும். மூன்று மாதம் என்றால் செப்டம்பர் 12 வரை இருக்கும். இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்தில் புதுக் காரியம் எதையும் 'ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம்' என்று தள்ளிவைப்பது வழக்கம். இந்த எடுத்துக்காட்டில் அப்படித் தள்ளினால் ஆவணி பிறக்கும்போது கையில் இருப்பது மூன்றரை வாரம் மட்டுமே. கெடு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தால் திங்கட்கிழமைக்குத் தானாக நீளும் என்றும் எண்ண வேண்டாம்.

நான்காவது, எந்தக் காரணத்துக்காக விலகுகிறீர்கள் என்பது. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டால் வெஸ்ட் ஆனவையும் சேர்ந்து போய்விடும் என்று பல திட்டங்களில் எழுதியிருக்கும். ஊழியர் இறந்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ, அதுவரை கொடுக்கப்பட்ட அனைத்தும் உடனே வெஸ்ட் ஆகும் என்று 12ஆம் விதியே சொல்கிறது. குடும்பத்தாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றைப் படித்தபின் எச்.ஆருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வெஸ்ட் ஆன எண்ணிக்கையையும் கெடு முடியும் தேதியையும் எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். "தொண்ணூறு நாள் இருக்குதுங்க, பொறுமையாப் பண்ணிக்கலாங்க" என்ற வாய்ச் சொல்லுக்கு மதிப்பில்லை. கெடுவை நீட்டித் தருவதாகச் சொன்னாலும் அப்படியே. பட்டியலிடப்படாத நிறுவனம் திட்டத்தின் நிபந்தனைகளை மாற்றப் பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும். திட்டமே இயக்குநர் குழுவுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தால் குழுவின் முடிவு வேண்டும். இரண்டில் எது நடந்தது என்று கேட்டு அதன் நகலைப் பெறுங்கள்.

3. செட்டில்மெண்ட் தாளில் கையெழுத்திடும்போது நிதானம் தேவை

ஃபைனல் செட்டில்மெண்ட் படிவத்தின் அடியில், 'எனக்கு இந்நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது வேறு எதுவும் இல்லை' என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். கடைசி நாளில் லேப்டாப்பை ஒப்படைக்கும் அவசரத்தில் இதைப் படிக்காமல் கையெழுத்திடுவது எல்லோருக்கும் வழக்கம். அந்தப் பத்தியின் கீழே, வெஸ்ட் ஆன ஆப்ஷன்கள் மீதான உரிமை இதில் அடங்காது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

4. எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். எக்சர்சைஸ் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து, சில ஆயிரங்களில் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய தொகை வரிக்குப் போகும்.

எக்சர்சைஸ் செய்யும் நாளில் பங்கின் நியாயச் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வேறுபாடு உங்கள் சம்பள வருமானமாகக் கொள்ளப்படும். பங்கை நீங்கள் விற்கவில்லை, கையில் ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் வரி உண்டு. வேலையை விட்டுப்போனவருக்கும் இது சம்பள வருமானமே. எனவே பழைய நிறுவனம் டி.டி.எஸ். (வருமானத்திலேயே பிடித்துக் கட்டும் வரி) பிடித்தாக வேண்டும். பிடிப்பதற்குச் சம்பளம் இல்லாததால், அந்தத் தொகையை உங்களிடமே முன்பணமாகக் கேட்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2,000 ஆப்ஷன், நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 25 சதவீதம் வெஸ்டிங். இரண்டரை ஆண்டில் விலகினால் வெஸ்ட் ஆனவை 1,000. எக்சர்சைஸ் விலை 10 ரூபாய், நியாயச் சந்தை மதிப்பு 410 ரூபாய் எனக் கொள்வோம்.

- பங்குக்குக் கட்டுவது: 10,000 ரூபாய்
- வரிக்கு உரிய வருமானம்: 400 x 1,000 = 4,00,000 ரூபாய்
- 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, 4 சதவீத செஸ் சேர்த்து வரி: 1,24,800 ரூபாய்
- மொத்தம் தேவை: 1,34,800 ரூபாய்

பத்தாயிரம் என்று நினைத்துப் போனவர் அதைப்போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது.

பட்டியலிடப்படாத நிறுவனத்தின் மதிப்பை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவுபெற்ற முதல் வகை மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கு வெளியீடுகளைக் கையாளும் நிதி நிறுவனம்) சான்றளிக்க வேண்டும். எக்சர்சைஸ் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் எடுத்த மதிப்பாக அது இருக்க வேண்டும். எனக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். நிறுவனத்திடம் இருந்த அறிக்கை 180 நாளைத் தாண்டியிருந்தது. புதிய அறிக்கை வந்த பிறகே வரித் தொகையைச் சொல்ல முடியும் என்றார்கள். அறிக்கை வந்தபோது பணத்தைப் புரட்ட எஞ்சிய நாட்கள் சொற்பம். ஆகவே விலகும் வாரத்திலேயே, 'தற்போதைய மதிப்பீட்டு அறிக்கையின் தேதி என்ன, அதில் ஒரு பங்கின் மதிப்பு எவ்வளவு' என்று கேட்டுவிடுங்கள். அறிக்கைக்கான கட்டணம் நிறுவனத்தின் செலவு. அதை உங்கள் தலையில் கட்டினால் கேள்வி கேளுங்கள்.

நிதியாண்டையும் பாருங்கள். பங்கு ஒதுக்கப்படும் ஆண்டின் வருமானத்தில்தான் இந்தத் தொகை சேரும். பிப்ரவரியில் விலகி மேற்படிப்புக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகிறீர்கள், கெடு மே மாதம் வரை இருக்கிறது என்றால், ஏப்ரலுக்குப் பிறகு எக்சர்சைஸ் செய்வது வரியை வெகுவாகக் குறைக்கலாம். அதற்காகக் கெடுவின் விளிம்பு வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்டார்ட்அப் என்றால் வரியைத் தள்ளிவைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவின் கீழ் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கே அந்தச் சலுகை வகுக்கப்பட்டது. ஸ்டார்ட்அப் என்று அரசிடம் பதிவுசெய்திருப்பது மட்டும் போதாது. மேலும், வேலையை விட்டால் 14 நாட்களுக்குள் தள்ளிவைத்த வரியைக் கட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வேலையில் இருக்கும்போதே எக்சர்சைஸ் செய்து வரியைத் தள்ளிவைத்தவர்கள், விலகும்போது இந்தத் தொகையும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், பிரிவு எண்களை ஆடிட்டரிடம் புதிதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டரைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்களில் நூற்பாலை, பனியன் கம்பெனி, தறிப்பட்டறை ஆகியவற்றின் கணக்கைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய ஆடிட்டர்கள் பலர் உண்டு. அவர்களில் ஈசாப் பார்த்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, திட்ட ஆவணத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

5. வாங்குவதா விடுவதா என்று முடிவுசெய்யுங்கள்

கெடு இருக்கிறது என்பதற்காகவே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நாளில் விற்க முடியாது. தனியார் நிறுவனப் பங்கை மற்றவருக்கு மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருக்கும். விலகியவரின் பங்கை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும் சில திட்டங்களில் இருக்கும். அது எந்த விலைக்கு என்பதைத் திட்டத்தில் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நிறுவனத்தின் நிலையை அறிய வாய்ச் செய்தியை நம்ப வேண்டியதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டணம் செலுத்தினால் அந்த நிறுவனம் தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4 படிவத்தோடு இணைந்த ஆண்டுக் கணக்கில் லாப நட்டம் தெரியும். பிஏஎஸ்-3 படிவத்தில் முதலீட்டாளருக்குக் கடைசியாக என்ன விலைக்குப் பங்கு ஒதுக்கினார்கள் என்பது தெரியும். முதலீட்டாளர் வைத்திருப்பது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே உங்கள் சாதாரணப் பங்குக்கு வரும். ஆகவே அவர்கள் கொடுத்த விலையை உங்கள் பங்கின் விலை என்று எண்ண வேண்டாம்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். சேமிப்பில் இருக்கும், முழுவதும் போனாலும் வீடு ஆட்டம் காணாத தொகை என்றால் வாங்கலாம். அம்மாவின் நகையை அடகு வைத்தோ, சீட்டைத் தள்ளி எடுத்தோ, வட்டிக்கு வாங்கியோ பட்டியலிடப்படாத பங்கில் போடுவது சரியன்று. ஆப்ஷனை ஈடாக வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. விதி அதைத் தடுக்கிறது. அனைத்தையும் வாங்கப் பணம் இல்லையென்றால், திட்டம் இடம் தந்தால், ஒரு பகுதியை மட்டும் எக்சர்சைஸ் செய்யலாம். பங்கின் விலை பிறகு விழுந்தாலும் கட்டிய வரி திரும்பி வராது. மூலதன நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

6. டீமேட் கணக்கும் பெயர்ப் பொருத்தமும்

சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வராத தனியார் நிறுவனங்கள் இப்போது பங்குகளை டீமேட் எனப்படும் மின்னணு வடிவில்தான் வெளியிட வேண்டும். எனவே டீமேட் கணக்கு இல்லாமல் எக்சர்சைஸ் முழுமையடையாது. ஏற்கெனவே கணக்கு இருந்தால், உங்கள் புரோக்கரின் தளத்திலிருந்து, கணக்கு விவரங்கள் அடங்கிய கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட் என்ற தாளை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் கேட்கும் முதல் தாள் அதுதான்.

நம்மவர்களுக்கு இங்கே வரும் தொல்லை இனிஷியல். கிராண்ட் லெட்டரில் பெயருக்கு முன் ஒரே எழுத்து, பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுமையாகப் பெயருக்குப் பின், வங்கிக் கணக்கில் இனிஷியல் கடைசியில் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். டீமேட் கணக்கு பான் அட்டையின்படி இருப்பதால், நிறுவனத்தின் ஈசாப் பதிவேட்டிலும் பெயரைப் பான் அட்டையின்படி திருத்தச் சொல்வதே எளிய வழி. இதை வேலையில் இருக்கும்போதே செய்தால் ஒரு மின்னஞ்சலில் முடியும்.

7. விண்ணப்பமும் பணமும் கெடுவுக்குள் சேர வேண்டும்

எக்சர்சைஸ் படிவத்தில் கிராண்ட் எண், எத்தனை ஆப்ஷன், விலை, டீமேட் விவரம் ஆகியவற்றை நிரப்பி, பான் நகல், கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட், பணம் செலுத்திய சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். படிவம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. பல திட்டங்களில் பங்கின் விலையும் வரியும் நிறுவனத்தின் கணக்கில் வந்து சேர்ந்த நாளே எக்சர்சைஸ் நாள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரத்தில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. ஆகவே நிறுவனத்தின் கணக்கை முன்கூட்டியே சேர்த்துவைத்து, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். மாமா, மச்சான் கணக்கிலிருந்து போனால் நிறுவனம் ஏற்க மறுக்கலாம்.

படிவத்தை எச்.ஆர்., கம்பெனி செக்ரட்டரி இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதிவு அலுவலகம் பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தால், நீங்கள் வேலை பார்த்த கோவைக் கிளையில் கொடுப்பது சேராது. கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாகவே எல்லாம் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். ஏதேனும் ஒரு தாளைத் திருப்பி அனுப்பாமல் இருக்க மாட்டார்கள்.

8. தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால்

கோவை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையாக இருந்து, ஆப்ஷன் அந்தத் தாய் நிறுவனத்தின் பங்குக்கு என்றால் கெடு பெரும்பாலும் மூன்று மாதமோ 90 நாளோ இருக்கும். அமெரிக்க வரிச் சட்டம் அந்நாட்டு ஊழியர்களின் ஒருவகை ஆப்ஷனுக்கு மூன்று மாத வரம்பு வைத்திருப்பதால், அதே வரம்பை உலகெங்கும் உள்ள ஊழியர்களுக்கும் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. கெடு அந்நாட்டு நேரப்படி முடிகிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஏ-2 என்ற அந்நியச் செலாவணிப் படிவம் கொடுக்க வேண்டும். அனுப்பும் தொகை எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வகுத்த திட்டம்) கணக்கில் சேரும், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது பிறகு வரிக் கணக்கில் ஈடாகும் என்றாலும் அப்போதைக்குப் பணம் வேண்டும். திருப்பூர் வங்கிக் கிளைகளுக்கு ஏற்றுமதி டாலர் உள்ளே வருவது அன்றாட வேலை. தனியாள் ஒருவர் பங்கு வாங்க டாலரை வெளியே அனுப்புவது அப்படியன்று. கிராண்ட் லெட்டரும் நிறுவனத்தின் பணக் கோரிக்கைக் கடிதமும் இல்லாமல் போகாதீர்கள்.

9. பங்கு கைக்கு வந்த பிறகு

இயக்குநர் குழு கூடி ஒதுக்கீடு செய்த பிறகே பங்கு டீமேட்டில் தெரியும். பணம் கட்டிச் சில வாரங்களாகியும் வராவிட்டால், ஒதுக்கீட்டுத் தீர்மானத்தின் தேதியைக் கேளுங்கள். பழைய நிறுவனத்திடமிருந்து அந்த ஆண்டுக்கான டி.டி.எஸ். சான்றையும் கேட்டுப் பெற்று, நீங்கள் கொடுத்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில், வரிப் பிடித்தத்தைக் காட்டும் ஆண்டு அறிக்கையில் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 26ஏஎஸ்) பாருங்கள்.

பட்டியலிடப்படாத பங்கு வைத்திருப்பவர் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கூடாது. வியாபார வருமானம் இல்லாதவருக்கு ஐ.டி.ஆர்.-2. வெளிநாட்டுப் பங்கு என்றால், விற்காவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும். விற்கும்போது, எக்சர்சைஸ் நாளின் சந்தை மதிப்பே உங்கள் வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். ஒதுக்கீட்டு நாளிலிருந்து 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரம்பின்படி வரி. மேலே சொன்ன 1,000 பங்கை மூன்றாண்டு கழித்து 700 ரூபாய்க்கு விற்றால், லாபம் 2,90,000 ரூபாய். செஸ் சேர்த்து வரி 37,700 ரூபாய். அப்போது 410 ரூபாய் என்ற மதிப்பை நிரூபிக்க மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கையின் நகல் தேவைப்படும். பங்கு ஒதுக்கிய மாதத்திலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், டீமேட் கணக்கில் நாமினி பெயரையும் அப்போதே பதிந்துவிடுங்கள்.